போயிட்டு வர்றோம்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஜோர்ஜ்டவுன் லெபோ பாசாரில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம், நானும் என் அக்காள் மகளும். அவள் பினாங்கில் ஒரு கல்லூரியில் உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் உளவியல் கழகத்தின் செயலாளரும் அவள்தான். இரண்டு தே தாரிக் வந்ததும் கைப்பேசியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினாள். இந்த ஆண்டுக்கான சமூகச் சேவைத் திட்டங்கள் அவை. முதியோர் இல்லத்துக்கு ஒரு நாள் போவது. லிட்டில் இந்தியாவில் மேசை போட்டு இலவச மன ஆலோசனை தருவது. மனநலக் கண்காட்சி வைப்பது. “இதுல எதைச் செய்யலாம், மாமா?” என்றாள்.

மூன்றும் நல்ல மனத்தில் பிறந்த யோசனைகள். ஆனால் ஒவ்வொன்றிலும் பார்த்துக் கால்வைக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் முதியோர் இல்லம். எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். ஒரு சனிக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாட்டுப் பாடி, கேக் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை அந்தப் பாட்டி தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வருவதாக யாரும் அவரிடம் நாள் குறிக்கவில்லை. கிளம்பும்போது எல்லாரும் சொல்வதுபோல “போயிட்டு வர்றோம் பாட்டி” என்று சொன்னார்கள். அவர் அதை நம்பினார்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்து 1976இல் வெளியிட்டார். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, மூன்று குழுவினரைப் பார்க்கக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். முதல் குழுவினர், மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லலாம். இரண்டாம் குழுவினருக்கு வரும் நேரம் முன்பே சொல்லப்பட்டது. மூன்றாம் குழுவினரிடம் மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான்காம் குழுவுக்கு யாரும் வரவில்லை. முதல் இரண்டு குழுவினரும் உடலாலும் மனத்தாலும் தேறினார்கள். சொல்லாமல் வந்த மாணவர்களால் பெரிய பயன் விளையவில்லை. ஆட்கள் வந்தது மட்டும் போதவில்லை. இன்ன நேரத்துக்கு வருவார்கள் என்று தெரிந்திருந்ததுதான் தெம்பு தந்தது.

அடுத்து நடந்ததைத்தான் மாணவர் கழகங்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் அதே முதியவர்களைப் பின்னர் மீண்டும் பார்த்து 1978இல் எழுதினார்கள். நன்றாகத் தேறியிருந்த அந்த இரண்டு குழுவினர்தான் சரிந்திருந்தார்கள். கிடைத்த பிடிமானம் கையைவிட்டுப் போனது ஒன்றும் கிடைக்காமல் இருந்ததைவிட மோசமாயிற்று.

“அப்ப போகவே வேணாமா?” என்றாள்.

போக வேண்டும், போகிற முறை வேறு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை நான்கு மணி என்று நாளை முடிவுசெய்து, இல்லத்துச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட வேண்டும். ஒரு மாணவர் ஒரே பெரியவரைத் தொடர்ந்து பார்க்கட்டும். பேசுவதா, சும்மா கூட உட்கார்ந்திருப்பதா, தாயம் ஆடுவதா என்பதைப் பெரியவரே முடிவுசெய்யட்டும். பரீட்சை மாதத்தில் வர முடியாது என்றால் முன்பே சொல்லிவிட்டு, அன்றைக்குத் தொலைபேசியில் கூப்பிடலாம். மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிறவர், தனக்குப் பின் வரும் தம்பியையோ தங்கையையோ நேரில் அழைத்துப்போய், “தாத்தா, இனிமே இவன் வருவான்” என்று கைகாட்டிவிட்டு விடைபெற வேண்டும். முகநூலில் போடப் படம் எடுப்பது வேண்டாம். ஐம்பது பேர் ஒரு நாள் போவதைவிட ஐந்து பேர் ஆண்டு முழுக்கப் போவது மேல்.

இரண்டாவது, இலவச ஆலோசனை மேசை. இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, பதிவு பெற்றவர்தான் தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தொழிலைச் செய்யலாம் என்கிறது. மருத்துவ உளவியலாளர்களுக்கு 2016ஆம் ஆண்டின் சட்டம் 774 இருக்கிறது. இளங்கலை மாணவர் இரண்டிலும் சேரமாட்டார். சட்டத்தை விடுங்கள், இருபது ஆண்டாக மூடிவைத்த துக்கத்தை ஒருவர் தெருவோர மேசையில் திறந்துவிட்டால், அதைப் பத்திரமாக மூடித் தர இருபது வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி இருக்காது.

அவள் முகம் வாடியது. அப்போதுதான் லண்டன் கதையைச் சொன்னேன். 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி வைத்தார். அவரைப் பார்க்க ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவரிடம் பேசியதிலேயே பலர் ஆறுதலடைந்து, அவரைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். 1954இல் அந்தப் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் இயக்கம். அந்த வழியில்தான் 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ், 1974இல் இலங்கையில் சுமித்ரயோ, 1986இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா எல்லாம் வந்தன. நம் பினாங்கிலும் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறது.

இந்த இடங்களில் தொண்டர்கள் பயிற்சி எடுத்த பிறகுதான் தொலைபேசியைத் தொடுகிறார்கள். மாணவர் கழகம் தன் உறுப்பினர்களுக்கு அப்படிப்பட்ட கேட்கும் பயிற்சியை ஏற்பாடு செய்யலாம். நடுவில் குறுக்கிடாமல் கேட்பது, “எனக்கும் இப்படித்தான்” என்று ஆரம்பிக்காமல் இருப்பது, புத்தி சொல்ல அவசரப்படாமல் இருப்பது எல்லாம் பழகினால்தான் வரும். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. அது தவறு. கேட்டால் பாரம் இறங்கும். உதவிக்கு வழி திறக்கும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிற வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோமே, அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். பந்தலில் நிற்பவர் தம்மை வைத்தியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தண்ணீர் தருகிறார், உட்கார இடம் தருகிறார், மயங்கி விழுந்தவரை முதலுதவிக்காரரிடம் சேர்க்கிறார். மாணவர் சேவையின் எல்லையும் அதுதான், அதன் பெருமையும் அதுதான்.

மூன்றாவது, கண்காட்சி. இதில் குறை மொழியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் டிப்ரஷன் என்று பெரிதாக எழுதி வைத்தால், லெபோ குயின் மாரியம்மன் கோயிலுக்கு வரும் அம்மா அதைத் தாண்டிப் போய்விடுவார். “எனக்கு மனச்சோர்வு” என்றும் அவர் சொல்லமாட்டார். “நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்ல” என்பார். ஆகவே உளவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் அந்தச் சொற்களைச் சேகரிக்கட்டும். வீட்டில் அம்மாவிடம், பாட்டியிடம், கடையில் வேலைசெய்பவரிடம் கேட்டு எழுதட்டும். பிறகு அந்தப் பேச்சிலேயே ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் போடலாம். கூடப் படிக்கும் மலாய், ஹொக்கியன் பிள்ளைகள் தங்கள் மொழியில் போடட்டும்.

அந்தப் பக்கத்தில் நான்கு செய்தி போதும். ஒன்று, இது அபூர்வமான நோயன்று: 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் அது 2.3 விழுக்காடு. இரண்டு, உதவி பக்கத்திலேயே இருக்கிறது: அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கலாம். பேராக்கில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனையால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. அந்த ஏச்சுக்குப் பயந்து பலர் வைத்தியம் பார்க்காமலே இருக்கிறார்கள். மூன்று, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. போலீஸுக்குப் பயந்து வீட்டுக்குள் மறைக்க வேண்டியதில்லை. நான்கு, சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் பட்டியலை மாற்றி எழுதினாள்: இரண்டாம் சனிக்கிழமை, ஐந்து பேர், ஒரே இல்லம்; கேட்கும் பயிற்சி; தமிழில் ஒரு பக்கம். மூன்று வரிதான். ஓர் ஆண்டுக்கு அது நிறைய வேலை.

நம் மொழியில் கிளம்பும்போது “போறேன்” என்று சொல்வதில்லை. திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். சேவைக்குப் போகும் பிள்ளைகளே, “போயிட்டு வர்றோம்” என்று சொல்லும்போது எந்த நாள் வருவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த நாளில் போய் நில்லுங்கள்.