உயரம் கூட்டும் முன் ஒரு கணக்கு

ஈஜிபுராவில் வாழ்வோருக்கு மேடுபள்ளங்களைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2017-இல் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் தடைபட்டு நின்றபோது, தூண்களின் ஓரமாக மழைநீர் தேங்கிய குழிகளில் வண்டியோட்டிப் பழகியவர்கள் நாம். இப்பகுதி வாடிக்கையாளர்களுள் சிலர் பழைய ஜிப்சி, தார், கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளை நாடி, கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருவதில் வியப்பில்லை.

அண்மையில் அவ்வாறு வந்தவர் ஒரு மின்பணி ஒப்பந்தக்காரர். கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு மலையடிவார ஊரில் அவருடைய தாயார் தனியே வாழ்கிறார். அவ்வூருக்குச் செல்லும் வழியில் கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் கார் ஏறாது. முதல் தலைமுறை தார் ஒன்றை அவர் பார்த்து வைத்திருந்தார். முந்தைய உரிமையாளர் அதனை 3 அங்குலம் உயர்த்தி, புதிய ஷாக் அப்சார்பர்களும் பொருத்தியிருந்தார். அதற்காக எழுபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டார். அந்தத் தொகைக்காக மகளின் மேற்படிப்புக்கென்று போட்டிருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்துவிட வாடிக்கையாளர் எண்ணினார். “உயரமாக இருந்தால் நல்லதுதானே, சார்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது மேலும் கீழும் துள்ளுவதை அடக்குவது ஷாக் அப்சார்பர். வழக்கமான ஷாக்கை மாற்றுவதால் மட்டும் வண்டி உயராது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்திவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், சக்கரம் கீழிறங்கும்போது ஷாக் தன் முழு நீளத்திற்கும் இழுபட்டு விரைவில் பழுதடையும். அளவுக்கு மீறி நீண்ட ஷாக்கைப் பொருத்தினாலோ, சக்கரம் மேலெழும்போது தடுப்பு ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் முட்டி நிற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த உயரம் கூடுகிறது என்பது. ஜிப்சியின் இரு அச்சுகளும், தாரின் பின் அச்சும் ஒரே உருளையாகச் சக்கரங்களோடு சேர்ந்து இயங்குபவை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல் உயரும். அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். பாதையின் நடுவிலுள்ள கல்லில் முதலில் இடிபடுவது அந்தக் குண்டுதான். அதனை உயர்த்துவது டயர் ஒன்றே. அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதி அளவே உயரும்.

மூன்றாவது, உயர்த்தும் முறை. ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி சுமார் 1 அங்குலமே உயரும். முன்புறத்தில் அவ்வாறு செய்தால் ஸ்டியரிங்கின் கோணம் மாறி, நெடுஞ்சாலையில் வண்டி அலையக்கூடும். பட்டைகளுள் கூடுதலாக ஒன்றைச் செருகுவது செலவு குறைந்தது. ஆனால் சவாரி கடினமாகும். 2010-இல் வந்த தாரின் சி.ஆர்.டி.இ வகையில் முன்புறம் முறுக்குக் கம்பி உண்டு. அதைத் திருகி உயர்த்துவது எளிது; ஆனால் சக்கரம் கீழிறங்கும் இடைவெளி குறைவதோடு, அச்சு மூட்டுகளின் கோணமும் கூடி அவை விரைவில் தேயும். எந்த முறையாயினும் வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்கிறது. வளைவுகளில் சாயும் இயல்பு கூடுகிறது. பிரேக் குழாயின் நீளம், புரொப்பெல்லர் தண்டின் கோணம், முகப்பு விளக்கின் நேர் ஆகியவற்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

நான்காவதாக, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கும் முரண்படும் வகையில் வண்டியை மாற்றியமைக்கலாகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டிலும் சிக்கலைத் தரும். கடன் உள்ளவரை வண்டி வங்கியின் பெயரில் ஈடாக இருப்பதால், அச்சிக்கல் கடனாளியையும் வங்கியையும் ஒருங்கே பாதிக்கிறது. மாற்றத்திற்காகச் செலவிட்ட பணத்தை மதிப்பீட்டாளர் பெரும்பாலும் வண்டியின் மதிப்போடு சேர்ப்பதும் இல்லை.

இவற்றையெல்லாம் வாடிக்கையாளரிடம் விளக்கினோம். பழைய ஸ்பிரிங்குகளை மீண்டும் பொருத்தித் தருமாறு அவர் கேட்டபோது, அவை பழைய இரும்புக்குப் போய்விட்டதாக விற்பவர் சொன்னாராம். அவ்வண்டியை அவர் விட்டுவிட்டார். இரண்டு மாதம் பொறுத்து, மாற்றம் ஏதும் செய்யப்படாத வேறொரு தாரைக் கண்டுபிடித்தார்.

அதை வாங்குமுன் அவர் செய்த சோதனைகள் எவரும் செய்யத்தக்கவை. சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் நாடாவால் அளந்தார். இடது வலது வேறுபட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஷாக்கின் மேல் எண்ணெய்க் கசிவு, புஷ்களில் வெடிப்பு, ஷேக்கிள் பொருந்தும் இடத்தில் சட்டத்தில் துரு, டயரில் அலையலையான தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்தார். நேரான சாலையில் ஸ்டியரிங்கை இலேசாகப் பிடித்து ஓட்டிப் பார்த்தார். தேய்ந்திருந்த புஷ்களையும் ஷாக்குகளையும் மூல அளவிலேயே மாற்றினார்; இது பழுதுபார்த்தலே அன்றி வடிவமாற்றம் அன்று. வழக்கமாக ஏற்றும் சுமை எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் சொல்லியே ஷாக்கைத் தேர்ந்தார். டயர்களையும் பதிவுச் சான்றுக்கு ஒத்த அளவிலேயே, மண்பாதைக்கு ஏற்ற பூ வகையில் வாங்கினார். எல்லாம் சேர்ந்தும் அந்த எழுபதாயிரத்திற்குள் அடங்கிவிட்டது. அதையும் மாதச் சேமிப்பிலிருந்தே சிறிது சிறிதாகச் செய்தார்.

பழைய வண்டி வாங்க எண்ணும் வாடிக்கையாளர்களை நாங்கள் கேட்டுக்கொள்வது இதுவே: பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பாருங்கள். முந்தைய கடன் முடிந்ததற்கான படிவம் 35, உரிமை மாற்றத்திற்கான படிவங்கள் 29, 30, பிற மாநில வண்டியெனில் தடையின்மைச் சான்றுக்கான படிவம் 28 ஆகியவற்றை முன்கூட்டியே கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் கிளைக்கு ஒருமுறை வாருங்கள்.

அந்த ஒப்பந்தக்காரர் சென்ற மழைக்காலத்தில் தாயாரை வண்டியிலேயே ஈஜிபுராவுக்கு அழைத்து வந்து, எங்கள் கிளையில் அவருக்கு ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்கினார். மகளின் வைப்புத்தொகை இன்னும் முறிபடாமல் இருக்கிறது.