நான்குக்குப் பதில் மூன்று: நெட்வொர்க் கோடிங்

ஒரு வீட்டில் இரண்டு கைப்பேசிகள், நடுவில் ஒரு வைஃபை ரவுட்டர். இருவரும் ஆளுக்கொரு தகவலைப் பரிமாறிக்கொள்ள வழக்கமாக நான்கு ஒலிபரப்புகள் வேண்டும்: ரவுட்டருக்கு வர இரண்டு, அங்கிருந்து போக இரண்டு.

'நெட்வொர்க் கோடிங்' முறையில் மூன்றே போதும். ஒருவர் 1011 அனுப்புகிறார், மற்றவர் 0110 அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, எண்கள் ஒத்த இடத்தில் 0, மாறுபட்ட இடத்தில் 1 எனக் குறித்து, 1101 என ஒரே முறை ஒலிபரப்பும். அதைத் தாம் அனுப்பியதோடு அதேபோல் ஒப்பிட்டால், மற்றவர் அனுப்பியது கிடைத்துவிடும்.

இதன் கோட்பாட்டை ருடால்ஃப் ஆல்ஸ்வேடே உள்ளிட்ட நால்வர் 2000இல் வெளியிட்டனர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலவையில் ஒரு போலித் தகவல் புகுந்தால், அதோடு சேர்ந்த நல்ல தகவல்களும் கெட்டுவிடும். எனவே கலந்து பரப்பும் முன் சரிபார்ப்பது அவசியம்.