கோடையுழவில் காணும் பறவைகள்

சித்திரைத் தூறலில் மானாவாரிக் கொல்லைகளை உழுங்கால், ஏரின் பின்னே கொக்கும் மைனாவும் தொடர்வதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். விதை பொறுக்க வந்தனவென்று சிறுவரைக் கொண்டு கவணால் விரட்டுவோருமுண்டு. அப்போது நிலத்தில் விதையேது? வேர்க்கடலையை மொட்டையாக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் பல மாதம் மண்ணுள் கிடந்து, கனமழைக்குப் பின் அந்துப்பூச்சிகளாய் வெளிவரும். அதற்குமுன் உழுது புரட்டினால் இப்பறவைகளுக்கு இரையாகும். கொண்டலாத்தியோ உழவுக்குக் காத்திராது. ஏர் எட்டாத வரப்போரத்திலும் மரநிழலிலும் நீண்ட அலகால் மண்ணைக் குத்திக் கூட்டுப்புழுவை இழுத்துத் தின்னும். இவ்வுதவி விலைமதிப்பற்றது. கரிச்சான் பறக்கும் பூச்சிகளைப் பிடிப்பது. மரமில்லாத கொல்லையில் குறுக்குச் சட்டமிட்ட கழிகளை நட்டால் அவற்றில் வந்தமரும். சித்திரை, வைகாசியில் அது கூடு கட்டிய கிளையைத் தழைக்காக வெட்டலாகாது. கொக்குக்குக் கண்ணி வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலின், கிராம அதிகாரிகள் அதனைத் தடுத்தல் வேண்டும்.