கிருமி செய்து தரும் இன்சுலின்



"டாக்டர் ஊசின்னு சொல்லிட்டாரா? அப்ப அவ்வளவுதான்!" இனிப்பு நீர் வியாதி உள்ளவரைப் பார்த்து இப்படிச் சொல்லுகிறவர்கள் லயத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். "அது மாட்டுலயும் பன்னியிலயும் எடுக்கிற மருந்து, நமக்கு ஆகாது" என்று மறுப்பவர்களும் உண்டு. இந்தப் பேச்சைக் கேட்டு ஊசியைத் தள்ளிப்போட்டால் கண், சிறுநீரகம், கால் மூன்றும் கெடும். ஆகவே, அந்த மருந்து எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் சுரப்பது இன்சுலின். சாப்பாட்டிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த வைப்பது அதுதான். 1921-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் நாயின் கணையத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் போடப்பட்டது. பையன் பிழைத்தான். அதன் பிறகு அறுபது ஆண்டுகள் வரை மாடும் பன்றியும்தான் இதற்கு ஆதாரம். ஆக, அந்தக் காலத்துப் பேச்சு பொய்யல்ல. ஆனால் காலம் மாறிவிட்டது.

பால் மரத்தில் ஒட்டுக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை வேறொரு கன்றில் வைத்துக் கட்டுகிறோம். வேர் ஒன்றுடையது, பால் மற்றதுடையது. விஞ்ஞானிகள் செய்ததும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அவர்கள் ஒட்டியது கண்ணுக்கே தெரியாத மரபணுவை.

உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் கட்டளை எழுதி வைத்த சீட்டுப் போன்றது மரபணு. மனிதனின் இன்சுலினைச் செய்யும் கட்டளையை இரசாயன முறையில் தயாரித்து, நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமிக்குள் 1978-இல் அமெரிக்காவில் சேர்த்தார்கள். அந்தக் கிருமி நல்ல வசதி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். பெருகப் பெருக இன்சுலினும் சேரும். 1982-இல் இந்த மருந்து அங்கே விற்பனைக்கு அனுமதி பெற்றது.

"அப்படின்னா கிருமிய உடம்புக்குள்ள ஏத்துறாங்களா?" இல்லை. கிருமியை நீக்கி, சுத்தம் செய்து, இன்சுலினை மட்டுமே பிரித்தெடுக்கிறார்கள். அது மனித உடம்பில் சுரப்பதைப் போன்றதே. சில ஆலைகளில் இந்தக் கிருமிக்குப் பதில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஜொகூரிலேயே இன்சுலின் செய்யும் ஆலை இருக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் ஈஸ்ட் வழியாக இதே முறையில் செய்யப்படுவதுதான்.

ஊசி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போகாதீர்கள். சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரும்.

2. வேலைக்காட்டில் வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே வேலையை நிறுத்திச் சீனித் தண்ணீரோ இனிப்பு மிட்டாயோ சாப்பிடுங்கள். உங்களுக்கு ஊசி உண்டு என்பது கங்காணிக்கும் பக்கத்து நிரைக்காரருக்கும் தெரிந்திருக்கட்டும்.

3. பிரிக்காத மருந்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஐஸ் உறையும் இடத்தில் வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் விடாதீர்கள்.

4. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

ஊசி என்றால் முடிவு என்று அர்த்தமில்லை. உங்கள் கணையம் செய்ய முடியாத வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறது, அவ்வளவுதான். அடுத்த வீட்டு அண்ணனோ அக்காவோ ஊசிக்குப் பயந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.