மூன்று கார்பன் செய்த மாயம்

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றான இப்ரோனியாசிட் தற்செயலாகக் கிடைத்தது என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீவியூ மருத்துவமனையின் காசநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், சோறு போதவில்லை என்றார்கள். வார்டில் நடந்த ஆட்டம்பாட்டம் பத்திரிகைகளில் படமாகவும் வந்தது. ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் அதைப் பக்கவிளைவுக் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்தார்கள். தற்செயல் கண்முன்னே ஆடியும் அதற்கு அர்த்தம் கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின.

அர்த்தம் வேதியியலில் இருந்தது. காசநோய் மருந்தான ஐசோனியாசிட், ஒரு வளையமும் இரண்டு நைட்ரஜன் கொண்ட வாலும் உடைய சிறு மூலக்கூறு. வாலுக்கு மூலப்பொருள் ஹைட்ரசீன். அந்த வாலின் நுனியில் மூன்று கார்பன் கொண்ட ஐசோபுரோபைலை ஒட்டினால் இப்ரோனியாசிட். 1952-லேயே சிகாகோவில் உயிர்வேதியியலாளர் எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் செல்லர், இது மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்குவதைக் கண்டார். ஐசோனியாசிட் அப்படி முடக்குவதில்லை. செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைப்பது அந்த நொதியின் வேலை. மருந்தையும் வழக்கமான இரையென்று எண்ணிப் பற்றும் நொதி, அதிலேயே சிக்கிச் செயலிழக்கிறது. உடல் புது நொதியைச் செய்துகொள்ளும்வரை அந்த இடம் காலிதான்.

காசம் குறைந்ததால்தான் நோயாளிகள் மகிழ்ந்தார்கள் என்று வாதிடலாம். அதற்குப் பதில், 1957-இல் மனநல மருத்துவர் நேதன் கிளைனும் கூட்டாளிகளும் ராக்லண்ட் அரசு மருத்துவமனையில் காசமே இல்லாத மனநோயாளிகளிடம் கண்ட தெளிச்சி. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது; குறை குறைதான். இன்னொரு கேள்வி அதைவிடக் கூர்மையானது: நொதி சில நாட்களில் முடங்கிவிடுகிறது, மனம் தெளிய மட்டும் வாரங்கள் பிடிப்பது ஏன்? அமைன் கூடினால் சோர்வு தீரும் என்ற நேர்க்கோட்டு விளக்கம் இங்கே இடறுகிறது. ஆனால் மனச்சோர்வுக்கு மூளையில் ஒரு வேதிப்பிடி உண்டு என்று தேட வைத்தது அந்த விளக்கமே. இப்ரோனியாசிட்டோ நிலைக்கவில்லை. கல்லீரலைக் கெடுத்ததால் 1961-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. மூன்று கார்பன் ஒட்டாத அண்ணன் ஐசோனியாசிட், கல்லீரல் மீது ஒரு கண் வைத்தபடியே, இன்றும் காசநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.