அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே மாத்திரை!

ஆண்களுக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று ஊருக்கெல்லாம் தெரியும். மற்றொன்று வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாது. முதலாவது தலை வழுக்கை. இரண்டாவது, வயதான பிறகு சிறுநீர் தடைப்படும் உபாதை. இவ்விரண்டுக்கும் ஒரே மருந்து என்றால் ஆச்சரியமாக இல்லையா?

அந்த மருந்தின் பெயர் ஃபினாஸ்டரைட். 'ஆண்கள் சமாசாரம், நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! வீட்டுக்குள் இந்த மாத்திரை வந்தால், பெண்கள்தான் முக்கியமாக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காரணம், அது பிறந்த கதையிலேயே இருக்கிறது.

பெண்ணாகத் தோன்றிய பிள்ளைகள்

மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்று ஒரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தைகளைப் போலவே தோன்றின. பெற்றோரும் பெண்ணாகவே வளர்த்தார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டி அந்தக் குழந்தைகளின் குரல் தடித்தது, உடல் முறுக்கேறியது, ஆண் என்பதற்கான அடையாளங்கள் வெளிப்பட்டன!

அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜூலியன் இம்பெராட்டோ-மக்கின்லி என்ற பெண்மணி அங்கே போய் ஆராய்ந்தார். 1974-ஆம் ஆண்டில் அவரும் சகாக்களும் காரணத்தை வெளியிட்டார்கள். ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஓர் என்ஸைம் அதைப் பின்னும் வீரியமுள்ள டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. கருவில் இருக்கும் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு சரியாக உருவாவதற்கு இந்த டி.எச்.டி. அவசியம். சலினாஸ் குழந்தைகளுக்குப் பரம்பரையாகவே அந்த என்ஸைம் குறைவு.

இன்னொரு விசேஷமும் தெரிய வந்தது. இப்படிப் பிறந்தவர்கள் பெரியவர்களான பிறகு, புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. தலையில் வழுக்கையும் விழவில்லை.

அந்த என்ஸைமை மாத்திரையால் தடுத்தால் என்ன என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். மெர்க் என்ற மருந்துக் கம்பெனி தயாரித்த ஃபினாஸ்டரைட், 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கென்று 5 மில்லிகிராம் அளவிலும், 1997-ல் ஆண்களின் வழுக்கைக்கென்று 1 மில்லிகிராம் அளவிலும் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

பொறுமை வேண்டும்

புராஸ்டேட், மூத்திரப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. வயதாக ஆக அது பெருத்துக் குழாயை நெருக்குகிறது. இரவில் மூன்று தரம், நான்கு தரம் எழுந்து போவதும், போய் நின்றும் சுலபமாக இறங்காமல் தவிப்பதும் இதனால்தான். 'பெரியவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை' என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறோம். அவரோ வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை.

ஃபினாஸ்டரைட் அந்தச் சுரப்பியை மெள்ள மெள்ளச் சுருக்குகிறது. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதனால், உடனடி நிவாரணத்துக்கு வேறொரு மாத்திரையையும் டாக்டர்கள் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மூவாயிரம் பேருக்கு மேல் நான்கு வருஷம் கவனித்து 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொள்வதும், ஆபரேஷன் தேவைப்படுவதும் இந்த மருந்தால் பாதிக்கு மேல் குறைந்தன. தலைமுடி விஷயத்திலும் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுத்தினால், ஒரு வருஷத்துக்குள் பழைய கதைதான்!

உடைக்காதீர்கள்!

இனி, வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியது. ஐந்து மில்லிகிராம் மாத்திரையை வாங்கி நாலு துண்டாக்கி, 'காசு மிச்சம்' என்று முடிக்காகச் சாப்பிடுகிற இளைஞர்கள் உண்டு. அப்பாவின் மாத்திரையிலிருந்தே பங்கு கேட்கும் பிள்ளைகளும் இருக்கலாம். வெட்டும் வேலை மருமகள் கையில் வந்து சேர்ந்தால்? அவள் கர்ப்பமாக இருந்தால்?

கர்ப்பிணிகளும், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற நிலையில் உள்ளவர்களும் உடைந்த மாத்திரையையோ அதன் தூளையோ தொடவே கூடாது. மருந்து தோல் வழியாக உள்ளே சென்றால், ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சிக்குத் தேவையான டி.எச்.டி.யைத் தடுக்கக்கூடும். முழு மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால், எடுத்துக் கொடுப்பதில் பயமில்லை. இதே காரணத்தால், மருந்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரையில் ஆண்கள் ரத்த தானமும் செய்யலாகாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம் அல்லவா?

பாதியாகிவிடும் கணக்கு

மற்றொரு விஷயம், உயிரோடு சம்பந்தப்பட்டது. புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் ரத்தப் பரிசோதனைக்குப் பி.எஸ்.ஏ. என்று பெயர். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஃபினாஸ்டரைட் சாப்பிட்டவருக்கு அந்த எண் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். ரிப்போர்ட்டில் 2.5 என்று வந்தால், டாக்டர் அதை 5 என்று கொள்ள வேண்டும். மருந்து சாப்பிடுவதை அவரிடம் சொல்லாவிட்டால், 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அனுப்பிவிடுவார். வியாதியோ உள்ளே மறைந்து வளரலாம். முடிக்காகச் சாப்பிடும் சின்ன மாத்திரைக்கும் இந்த விதி உண்டு.

சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறைவது, மார்பில் வீக்கம் அல்லது வலி, மனச்சோர்வு முதலியவை ஏற்படுகின்றன. 2025-ல் ஐரோப்பிய மருந்து நிர்வாகம், தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்க விளைவாக உறுதி செய்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இந்த மாத்திரையைத் தொடங்கிய பிறகு மூலையில் முடங்கினால், 'முடி போன கவலை' என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பெரியவர் எந்த வைத்தியத்துக்குப் போனாலும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். வெட்கப்பட்டு அவர் சொல்லாமல் விட்டாலும், சீட்டு சொல்லிவிடும்!