எமனுக்கு ஒரு கத்தரிக்காய்

திரைக்குள் ஒரு தெரு – 11

ஸ்பெலங்கியில் சாவது சுலபம். நான்கு இதயம், நான்கு வெடிகுண்டு, நான்கு கயிறு, கையில் ஒரு சாட்டை. இவ்வளவையும் கொடுத்துச் சுரங்கத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். சுவரில் பதித்த கல்முகம் ஒன்று, எதிரே எது அசைந்தாலும் அம்பு விடும். பட்டால் இரண்டு இதயம் காலி. அதோடு போகாது, அடித்த வேகத்தில் நம்மாள் பின்னால் தூக்கி எறியப்படுவார். பின்னால் பள்ளம். பள்ளத்தின் அடியில் ஈட்டி முனைகள். அவற்றுக்கு நடுவே நடந்துபோனால் ஒன்றும் ஆகாது. மேலேயிருந்து விழுந்தால் மட்டும், எத்தனை இதயம் மிச்சமிருந்தாலும், கதை முடிந்தது. சேர்த்த தங்கம், வாங்கிய பொருள், கடந்துவந்த லெவல் எல்லாம் போய், மறுபடி முதல் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனால் பழைய சுரங்கமும் இருக்காது. அறைகள் மாறியிருக்கும், கல்முகம் இடம் மாறியிருக்கும்.

இப்படிப்பட்ட ஒன்றை ஏன் வருஷக்கணக்கில் ஆடுகிறார்கள் என்று கேட்டால், "கஷ்டமாக இருப்பதால்தான்" என்ற பதில் தயாராக வரும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கஷ்டமான விளையாட்டுகள் எத்தனையோ உண்டு, பாதிக்கு மேல் வெறும் சலிப்பு. எதிரியின் உயிரைப் பத்து மடங்கு கூட்டிவிட்டால் எந்த கேமையும் கஷ்டமாக்கிவிடலாம். ஸ்பெலங்கியின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது.

சென்ற வாரம் பார்த்த 'ரோக்'கின் வாரிசு இது. 1980 வாக்கில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், க்ளென் விச்மன் இருவரும், பிறகு கென் அர்னால்டும் சேர்ந்து எழுதிய அந்த விளையாட்டு இரண்டு சட்டங்களை விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாக உருவாகும், செத்தால் செத்ததுதான். ஆனால் ரோக்கில் நாம் ஓர் அடி வைத்தால்தான் அரக்கனும் ஓர் அடி வைப்பான். உட்கார்ந்து யோசிக்கலாம், எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டும் வரலாம். டெரெக் யு என்ற அமெரிக்கர் 2008-ல் செய்த காரியம், அந்தச் சட்டங்களைத் தூக்கி, மரியோ மாதிரி ஓடிக் குதிக்கிற ஆட்டத்துக்குள் போட்டது. கேம்மேக்கர் மென்பொருளில் செய்து இலவசமாகவே கொடுத்தார். மெருகேற்றிய பதிப்பு 2012-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும், அடுத்த ஆண்டு கணினிக்கும் வந்தது.

சுரங்கத்தை அது எப்படி உருவாக்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு லெவல் என்பது நாலுக்கு நாலு, மொத்தம் பதினாறு அறை. மேல்வரிசையில் ஏதோ ஓர் அறையில் வாசல். அங்கிருந்து கணினி ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை எடுக்கும். ஒன்று, இரண்டு வந்தால் இடப்பக்கம். மூன்று, நான்கு என்றால் வலப்பக்கம். ஐந்து விழுந்தால் கீழே. சுவரில் முட்டினாலும் கீழேதான். இப்படியே இறங்கி, கடைசி வரிசையிலும் கீழே போகப் பார்க்கும்போது, அந்த இடத்தில் வெளியேறும் கதவை வைத்துவிடும். இந்தப் பாதையில் வரும் அறைகளுக்கெல்லாம் வழி திறந்திருக்கும்படியான அச்சுகளை டெரெக் யு கையாலேயே வரைந்து வைத்திருக்கிறார். அச்சுக்குள் எந்தக் கல் இருக்கும், எது இருக்காது, எங்கே பாம்பு, எங்கே சிலந்தி என்பதெல்லாம் அந்தந்த நேரத்துத் தற்செயல். ஆனால் வாசலிலிருந்து கதவு வரை, குண்டு போடாமலும் கயிறு வீசாமலும் போய்ச்சேர ஒரு வழி கட்டாயம் இருக்கும். இந்த உத்தரவாதத்தை அது எங்கேயும் சொல்வதில்லை. ஆடுகிறவனுக்கு நாள்பட நாள்படத் தானே தெரியவரும்.

பரமபதத்தில் பாம்பு கடித்தால் தாயக்கட்டையைத்தான் திட்ட முடியும். இங்கே சுரங்கம் தற்செயல், சாவு தற்செயல் இல்லை. அம்பு விடும் கல்முகம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சட்டியையோ கல்லையோ முன்னால் வீசியிருந்தால் அம்பு வீணாகியிருக்கும். கூரையில் தொங்கும் சிலந்தி, அடியில் போனால்தான் குதிக்கும். எல்லாம் தெரிந்தும் அவசரப்பட்டோம். 'மறுபடி' பொத்தானை விரல் அழுத்துவதற்குள், எந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்பது மனசில் ஓடிவிடுகிறது. அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வைப்பதும் அதுதான்.

அதைவிட முக்கியம், சட்டம் எல்லாருக்கும் ஒன்று. அம்பு நம்மை மட்டும் பார்த்து வருவதில்லை, குறுக்கே வௌவால் பறந்தாலும் பாயும். ஈட்டி முனையில் அரக்கன் விழுந்தாலும் சாவான். இந்தச் சமத்துவத்தின் உச்சம் கடைக்காரர். சுரங்கத்துக்கு நடுவே ஷாட்கன் வைத்துக்கொண்டு சாமான் விற்கும் கிழவர். காசு கொடுக்காமல் பொருளோடு வெளியே கால் வைத்தால் சுடுவார், அது நியாயம். ஆனால் எங்கோ கிளம்பிய அம்பு அவர்மேல் பட்டாலும், வேறெதற்கோ வைத்த குண்டு கடைச் சுவரைப் பெயர்த்தாலும், குற்றவாளி நாம்தான். விசாரணை கிடையாது. வெறிபிடித்துத் துள்ளித் துள்ளிச் சுட்டுக்கொண்டு வருவார். அப்படித் துள்ளும்போது அவரே ஈட்டி முனையில் விழுந்து செத்துப்போவதும் உண்டு. அப்போது கடை முழுக்க நமக்கு. கூடவே, அடுத்த லெவலில் கதவருகே இன்னொரு கடைக்காரர் துப்பாக்கியோடு காத்துக்கொண்டிருப்பார். எழுதி வைத்த கதை எதுவும் இல்லாமலே இப்படி ஒரு கதை நடந்துவிடுகிறது. சொல்ல ஆரம்பித்தால் நண்பர்கள் நம்ப மாட்டார்கள்.

ஒரு லெவலில் இரண்டரை நிமிஷத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் பேய் வரும். சுவருக்குள் புகுந்து வரும், கொல்ல முடியாது, தொட்டால் சாவு. மெதுவாகப் போகிறவர்களை விரட்டத்தான் அது. ஆனால் அந்தப் பேய் மாணிக்கம், மரகதம் மேல் கடந்துபோனால் அவை வைரமாகிவிடும். புதிதாக ஆடுகிறவர் அலறிக்கொண்டு ஓடுகிற அதே பேயை, தேர்ந்தவர் மாட்டை ஓட்டுகிற மாதிரிச் சுரங்கம் முழுக்க ஓட்டிக்கொண்டு போய் வைரம் அறுவடை செய்வார். கேமில் ஒன்றும் மாறவில்லை. இருவர் கையிலும் ஒரே சாட்டைதான்.

இந்த இடத்தில்தான் பின்னால் வந்தவர்களோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு. பிரான்ஸின் போர்டோ நகரத்து மோஷன் ட்வின் குழுவின் 'டெட் செல்ஸ்' 2018-ல் முழுமையாக வந்தது. அதில் சேர்க்கும் செல்களைக் கொடுத்து நிரந்தரமாகச் சில வசதிகளைத் திறந்துகொள்ளலாம். 2020-ல் முழுமையடைந்த 'ஹேடஸ்' இன்னும் ஒரு படி மேல். செத்து வீடு திரும்பினால் ஆளாளுக்குப் பேச்சுக் கொடுப்பார்கள், கதை நகரும், பலம் கூடும். இரண்டும் அருமையான விளையாட்டுகள், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பதாவது முறை ஜெயிக்கும்போது, தேறியது நானா, வாங்கிச் சேர்த்த பலமா என்று ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. ஸ்பெலங்கியில் குறுக்குவழி வெட்டித்தர ஒருவர் உண்டு என்பதைத் தவிர, நிரந்தரமான அனுகூலம் எதுவும் சேராது. அந்தக் குறுக்குவழியையும் கைதேர்ந்தவர்கள் சீண்டுவதில்லை; அதில் போனால் நரகத்துக்கு வேண்டிய பொருள்களைச் சேர்க்க முடியாது.

நரகம் என்றதும் சொல்ல வேண்டும். இந்தச் சுரங்கத்தில் காளிக்குப் பலிபீடங்கள் இருக்கின்றன. பலி கொடுத்துக்கொண்டே போனால், இரத்தம் நிரம்பி உயிர் கூட்டும் கபாலம் ஒன்றை அவள் தருவாள். சாதாரண முடிவு ஓல்மெக் என்ற கல்தலையோடு. அதைத் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மர்மப் பொருள்களைச் சேர்த்தவர்களுக்கு மட்டும் நரகம் திறக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் எமன். அந்தப் பெயரிலேயேதான், மன்னர் யமா. அமெரிக்கர் ஒருவரின் சுரங்கத்தில் நம் ஊர்த் தெய்வங்கள் எகிப்தின் அனுபிஸோடு குடித்தனம் நடத்துகிறார்கள். தர்க்கம் தேடாதீர்கள், பழைய சாகசப் படங்களின் கலவை அது.

காளியின் பீடத்தில் ஒரு மர்மப் பெட்டியை வைத்தால் கத்தரிக்காய் கிடைக்கும். எந்தப் பிரயோஜனமும் இல்லாத கத்தரிக்காய். அதைத் தூக்கிக்கொண்டு நரகம் வரை போய் எமன் முகத்தில் எறிந்தால், அவர் முகமே கத்தரிக்காயாகிவிடும். கையில் அது இருக்கும்போது சாட்டையைச் சுழற்ற முடியாது. பொத்தானை அழுத்தினால் காய்தான் பறக்கும். ஒவ்வொரு சண்டைக்கும் கீழே வைத்து, மறுபடி எடுத்து, இப்படியே எல்லா லெவலும். ஒற்றை ஆளாக நடக்காத காரியம் என்றுதான் பேச்சு இருந்தது. 2013-ல் பனானாசாரஸ் ரெக்ஸ் என்ற பட்டப்பெயரில் ஆடும் ஒருவர், பலர் நேரலையில் பார்த்திருக்க, செய்து முடித்தார்.

டெரெக் யு இதைக் கவனித்திருக்க வேண்டும். 2020-ல் வந்த 'ஸ்பெலங்கி 2'-ல் கத்தரிக்காய்க்கென்றே ஒரு தனி உலகம் வைத்து, அதற்குப் போகும் வழியை முடிந்தவரை சிக்கலாக்கினார்.

(தொடரும்)